ஓடும் வண்டி நிற்கவும் வேண்டும்

வாகனம் ஒன்று வாங்கப் புறப்படுகின்றவர் எவற்றையெல்லாம் விசாரிக்கிறார் என்று சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும், இயந்திரம் எப்படி, நிறம் மங்காதா, நாளைக்கு விற்றால் என்ன விலைக்குப் போகும் என்று அனைத்தையும் கேட்பார். ஓடும் வண்டி எத்தனை முழத்தில் நிற்கும் என்று கேட்டவரை நாம் இதுகாறும் கண்டதில்லை. நாமும் கேட்டதில்லை. கேளாமல் இருந்ததற்கு நாம் மட்டுமன்றி வேறொருவரும் விலை கொடுக்க நேர்ந்தது. அதனாலேயே இவ்விஷயத்தை எழுதத் துணிந்தோம்.

பிறேக் என்பதற்குத் தடுப்பு, தடை என நல்ல தமிழ்ச் சொற்கள் உள. அவற்றையே எழுத வேண்டுமென்பது எமது ஆசை. ஆயினும், கராஜிற் போய் நின்று "தடுப்பைப் பாருங்கள்" என்று சொன்னால் வேலியைப் பார்ப்பவர்கள் நம்மவர்கள். ஆதலால் ஊரார் நாவில் உள்ள சொல்லையே ஈண்டு கையாளுகிறோம்.

உடுவிலில் இருந்து கல்லூரிக்கு மோட்டார்ச் சைக்கிளிற் சென்று வருவது எமது நாளாந்த வழக்கம். மாரிமழை தொடங்கிய ஐப்பசி மாதத்தில், பின் சில்லில் இருந்து ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. மிதியை அழுத்தும்போது மாத்திரம் கேட்கும் கரகரப்பு. பின்னால் அமர்ந்து வரும் எமது மகளுக்குப் பத்து வயது. "அப்பா, சில்லுக்குள்ளை ஆரோ தேங்காய் துருவுகினம்" என்றாள். மழைத்தண்ணீர் பட்டதனால் வரும் சத்தம், வெயில் எறித்தால் போய்விடும் என்று விளக்கமளித்தோம். விளக்கமளிப்பது எமது தொழில்.

சத்தம் போகவில்லை, மிதிதான் நாளுக்கு நாள் கீழே போயிற்று. அப்பொழுதும் கராஜுக்குப் போகவில்லை. பிறேக் கம்பியின் முனையில் உள்ள சுரையை ஒரு சுற்று முறுக்கினோம். மிதி மேலே வந்தது. இரு வாரங்களில் மறுபடியும் இறங்கியது, மறுபடியும் முறுக்கினோம். காசு செலவின்றிக் கைவேலையால் காரியத்தை முடித்துவிட்டோம் என்று மனத்துக்குள் ஒரு பெருமிதம்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை காலை மகளை வகுப்புக்கு ஏற்றிச் சென்றோம். தூறல் விட்டிருந்தது, வீதி ஈரம். மருதனார்மடச் சந்தையை அண்மித்த பொழுது, ஓர் ஒழுங்கையில் இருந்து கத்தரிக்காய் மூடையைப் பின்னாற் கட்டிய துவிச்சக்கர வண்டியொன்று வீதிக்கு ஏறிற்று. ஓட்டி வந்தவர் எழுபது வயதை நெருங்கிய தோட்டக்காரர். மிதியை அழுத்தினோம். அது எவ்விதத் தடையுமின்றி அடிவரை போயிற்று. பதற்றத்தில் முன் பிறேக்கை இறுகப் பிடித்தோம். முன் சில்லு வழுக்கியது. நாம் சரிந்துபோய் அவருடைய வண்டியின் பின்சில்லில் மோதினோம்.

கத்தரிக்காய் வீதியெங்கும் உருண்டது. மகளின் முழங்காலில் தோல் உரிந்திருந்தது. கீழே விழுந்த பெரியவர் எழுந்திருக்கு முன் கேட்ட முதற் கேள்வி, "தம்பி, பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே?" என்பது. அவரது வலக்கை மணிக்கட்டு முறிந்திருந்தது என்பதைச் சற்றுப் பின்னரே அறிந்தோம். ஆறு கிழமை மாவுக்கட்டு. தோட்டத்தில் வேலை குவிந்து கிடக்கும் பருவம். அந்த ஆறு கிழமைக்கும் ஓர் ஆளின் கூலியை நாம் கொடுத்தோம். பெரியவர் வாங்க மறுத்தார், மகன் வாங்கிக்கொண்டார். மகன் செய்ததே முறை. பெரியவர் எம்மை ஒரு சொல்லும் கடிந்து பேசாததுதான் இன்றுவரை எமக்குச் சுமையாக இருக்கிறது.

கராஜிற் சில்லைக் கழற்றியபோது உள்ளிருந்து செம்மண்ணும் கரித்தூளும் கலந்த ஒரு பொடி கொட்டிற்று. பிறேக் சூவின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய லைனர் அடியோடு தேய்ந்து போயிருந்தது. வெறும் உலோகம் உலோகத்தை உரசி, சில்லின் நடுவேயுள்ள ட்றம்மின் உட்சுவரிற் கலப்பையால் உழுதது போலக் கீறியிருந்தது. மெக்கானிக் அதனை எம் கையில் தந்து, "சேர், சத்தம் துவங்கினவுடனை வந்திருந்தா சூ மாத்திற காசோடை போயிருக்கும். இப்ப ட்றம்மும் போட்டுது" என்றார். பிறகு கம்பியின் முனையைக் காட்டினார். சுரை முறுக்குவதற்கு இனி இடமில்லாமற் கடைசி வரை வந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், சில்லின் மூடியில், சிறிய அம்புக்குறி ஒன்றும் அதற்கு ஒரு கோடும் இருந்தன. மிதியை அழுத்தும்போது அம்பு கோட்டைத் தாண்டுமாயின் லைனர் முடிந்துவிட்டது என்பது பொருள். பல மோட்டார்ச் சைக்கிள்களில் இக்குறி உண்டு. நாம் அந்த வண்டியை ஏழாண்டு வைத்திருந்தோம். அம்பை அன்றுதான் கண்டோம்.

சுரையை முறுக்குவது தேய்ந்த லைனரை வளர்ப்பதில்லை. தேய்ந்ததை மறைக்கிறது, அவ்வளவே. காய்ச்சல்காரனின் வெப்பமானியைக் குளிர்நீரில் தோய்த்து வாசிப்பதற்கு இஃது ஒப்பாகும்.

பிறேக் வண்டியை நிறுத்துகிறது என்று சொல்கிறோம். அது உண்மையிற் செய்வது வண்டியின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது. கைகளை ஒன்றோடொன்று தேய்த்தாற் சூடு பிறப்பது போல, லைனர் ட்றம்மை உரசும்போதும், கார்களின் முன் சில்லுகளில் உள்ள தட்டை இரு பட்டைகள் இருபுறமும் கவ்வும்போதும், ஓட்டம் முழுவதும் சூடாகிக் காற்றிற் கலக்கிறது. ஒவ்வொரு முறையும் லைனரிற் சிறிது தேய்கிறது. தேய்வதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. ஆகவே தேய்வது குற்றமன்று. தேய்வதைப் பாராதிருப்பதே குற்றம்.

இந்த லைனர் பிறந்த கதை சுவையானது. இங்கிலாந்தின் டார்பிசயர் மலைப்பகுதியிற் குதிரை வண்டிக்காரர், இறக்கத்தில் வண்டி ஓடிவிடாதிருப்பதற்காகப் பழைய சப்பாத்துக்களைச் சில்லோடு அழுத்திக் கட்டுவதை ஹேர்பேட் புறூட் என்பவர் கண்டார். சப்பாத்துத் தோல் செய்யும் வேலையை அதனினும் நன்றாகச் செய்யும் பொருள் ஒன்றை ஆக்கலாமே என்று 1897 ஆம் ஆண்டளவில் முயலத் தொடங்கினார். தம் பெயரின் எழுத்துக்களை மாற்றி, மனைவி எலிசபெத்தின் பெயரில் இருந்து ஓர் எழுத்தையும் சேர்த்து, தம் பொருளுக்கு ஃபெரோடோ எனப் பெயரிட்டார். அப்பெயர் இன்றும் உதிரிப்பாகக் கடைகளில் உண்டு. பின்னாளில் நெடுங்காலம் லைனர்களில் கல்நார் சேர்க்கப்பட்டது. அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய தீங்கு செய்வது. ஆதலாற் பழைய வண்டியின் ட்றம்மைத் திறப்பவர்கள் உள்ளிருக்கும் தூளை வாயால் ஊதக்கூடாது; ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். எமது கராஜ்களில் இன்றும் ஊதுகிறார்கள். சொன்னாற் சிரிக்கிறார்கள்.

மாணவ வாசகர்களுக்காக ஒரு சிறு கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் செல்லும். ஆபத்தைக் கண்டு கால் மிதிக்குப் போவதற்கே ஒரு விநாடி ஆகலாம். அதற்குள் 14 மீற்றர் கழிந்துவிடும். நல்ல பிறேக், காய்ந்த தார்வீதி எனின் அதன்பின் இன்னுமொரு 14 மீற்றரில் வண்டி நிற்கும், மொத்தம் 28. பிறேக்கின் வலிமை பாதியாகக் குறைந்திருந்தால் அந்த இரண்டாவது 14, 28 ஆகிறது; மொத்தம் 42. வேகம் இருமடங்காயின் நிறுத்தும் தூரமோ நான்கு மடங்கு. எமது ஊரின் ஒழுங்கைகளில் 42 மீற்றருக்குள் எத்தனை படலைகள் திறக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். உடுவில் மகளிர் கல்லூரியும் மருதனார்மடம் இராமநாதன் கல்லூரியும் விடும் வேளையில் அத்தூரத்திற்குள் எத்தனை பிள்ளைகள் நிற்பர் என்பதையும் எண்ணிக் கொள்ளுங்கள்.

மழையும் செம்மண்ணும் கலந்த வலிகாமத்து வீதிகள் பிறேக்குக்கு நண்பர்கள் அல்ல. நுண்ணிய செம்மண் தூசி ட்றம்முக்குள் புகுந்து உரைகல் போல வேலை செய்யும். வெள்ளம் நின்ற ஒழுங்கையைக் கடந்து வந்தவுடன் பிறேக் சிறிது நேரம் பிடியாது. மெதுவாக ஓடியபடி மிதியை இலேசாகப் பலமுறை அழுத்தினால் உரசற் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். இதைச் செய்து பார்த்துக்கொண்ட பின்னரே வேகம் எடுத்தல் நன்று.

காரிலும் வானிலும் காலின் பலத்தைச் சில்லுக்குக் கொண்டு செல்வது ஒரு திரவம். மூடிய பாத்திரத்துத் திரவத்தில் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிற் பாஸ்கால் கண்ட உண்மையே இதற்கு அடிப்படை. அத்திரவத்தைப் பிறேக் ஒயில் என்று கூறுகிறோம். பெயரிலுள்ள இந்த ஒயில் பலரை ஏமாற்றி விடுகிறது. குறைந்தால் இயந்திர ஒயிலை ஊற்றுகிறார்கள். அஃது உள்ளேயுள்ள இறப்பர் வளையங்களை ஊதிப் பெருக்கச் செய்து பிறேக் முழுவதையும் கெடுத்துவிடும். சாதாரணமாக நாம் வாங்கும் டொட் 3, டொட் 4 என்ற வகைகள் எண்ணெய் அல்ல. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையன. டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதியாது. ஈரம் உறிஞ்சிய பின் அந்த எல்லை 140 பாகை வரை இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், அமுங்கினால் காலின் பலம் சில்லுக்குப் போகாது. ஆகவே ஈராண்டுக்கு ஒரு முறையேனும் பழைய திரவத்தை முற்றாக நீக்கிப் புதியது நிரப்ப வேண்டும். திறந்து பாதி எஞ்சிய போத்தலை அலுமாரியில் வைத்து அடுத்த வருடம் ஊற்றுவது சிக்கனமன்று.

இதனை எழுதும்போது எமது மாமனாரின் மொறிஸ் மைனர் நினைவுக்கு வருகிறது. 1990 ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வராதிருந்த காலம். கார்கள் சில துளி பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அந்த வண்டியிற் பிறேக்குக்கான பிரதான சிலிண்டர் சாரதியின் காலடியில், தளத்துக்குக் கீழே இருக்கும். மாமா விரிப்பைத் தூக்கி, மூடியைக் கழற்றி, ரோச் வெளிச்சத்திற் பார்ப்பார். ஊற்றுவதற்கு ஒன்றுமில்லை, ஆயினும் ஒவ்வொரு ஞாயிறும் பார்ப்பார். "இருக்கிறது குறையுதோ எண்டு தெரிஞ்சால்தானே எவ்வளவு மெதுவாய்ப் போறது எண்டு தெரியும்" என்பது அவர் நியாயம். நடை வேகத்தில் ஓடி, கைப் பிறேக்கை இழுத்து நிறுத்தி, அந்தக் காரில் எத்தனையோ கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார். இன்று கடைக்குக் கடை போத்தல் இருக்கிறது. மூடியைத் திறந்து பார்ப்பவர் குறைவு. இக்காலக் கார்களில் மூடியைத் திறக்கவும் வேண்டியதில்லை. வெளியே தெரியும் இரண்டு கோடுகளுக்கு நடுவில் திரவம் நிற்கிறதா என்று பார்த்தாற் போதும். அது சிறிது சிறிதாக இறங்கினால் பட்டைகள் தேய்கின்றன என அறியலாம். சடுதியாக இறங்கினால் எங்கோ கசிகிறது. அன்று வண்டியை எடுக்கக் கூடாது.

வேறு அறிகுறிகளும் உண்டு. கார்ப் பட்டைகள் பலவற்றில், தேய்ந்து முடியும் தறுவாயிற் கீச்சிடுவதற்கென்றே ஒரு தகட்டைப் பொருத்தியிருக்கிறார்கள். கீச்சொலி கேட்டாற் சில நாட்களுக்குள் மாற்ற வேண்டும். கரகரப்பாக மாறிவிட்டால் அன்றைக்கே. பட்டையின் கனம் 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மேலும் பொறுப்பதில் இலாபமில்லை. மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தால் குழாயிற் காற்று. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சில்லிற் பிறேக் சரியாகப் பிடிக்கவில்லை. இவற்றை அறிய மெக்கானிக் வேண்டியதில்லை. றேடியோவை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் ஓடிப் பார்த்தாற் போதும்.

இவ்விடத்தில் ஒரு தப்பெண்ணத்தையும் நீக்க வேண்டும். ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்குமுன் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். சித்தியெய்திய பத்திரத்தைக் கண்டதும் வண்டி நலமாக இருப்பதாக மனம் அமைதியடைகிறது. அங்கே பார்ப்பது புகையை. பிறேக்கை அன்று. 2020 ஆம் ஆண்டு தொடக்கம் பல ஆண்டுகள் வாகன இறக்குமதி நின்றிருந்தமையால் எமது வீதிகளில் ஓடுவனவற்றிற் பல வயது முதிர்ந்தவை. 2022 இன் நெருக்கடிக்குப் பின் உதிரிப்பாக விலை ஏறியதும் எல்லோரும் அறிந்ததே. விலை ஏறியதனாற் சூவை மாற்றாது விட்டால் பின்னர் ட்றம்மை வாங்க வேண்டும் என்பதற்கு எம்மிடம் பற்றுச்சீட்டே இருக்கிறது.

துவிச்சக்கர வண்டியில் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோர் தயவு செய்து ஒன்று செய்க. வண்டியின் பிறேக் கட்டைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். இறப்பர் கல்லுப்போல இறுகி மினுங்கினால், தேயாதிருந்தாலும் அது பயனற்றது. உருக்கு வளையத்துச் சில்லில் மழை பட்டால் புதுக் கட்டையே சரிவரப் பிடியாது. பழையதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எமது தோட்டக்காரப் பெரியவர் கைகுணமாகி மறுபடியும் வண்டியேறிய செய்தி கேட்டு, நான்கு புதுக் கட்டைகள் வாங்கிச் சென்றோம். முன்னுக்கு இரண்டைப் போட்டுக்கொண்டு மற்றைய இரண்டையும் திருப்பித் தந்தார். "பின்னாலை இன்னும் கிடக்குத் தம்பி" என்றார். குனிந்து பார்த்தோம். கிடந்தது உண்மைதான்.

குடாநாட்டவராகிய எமக்கு மலை என்பது புத்தகத்தில் உள்ளது. கீரிமலை என்று ஒரு பெயர் இருக்கிறதேயொழிய அங்கே ஏறுவதற்கு ஒன்றுமில்லை. சமதரையில் ஓடிப் பழகிய சாரதிக்குத் தன் பிறேக்கின் குறை தெரிவதில்லை. கண்டியைத் தாண்டிய பின்னரே அது வெளிப்படும். நுவரெலியா கடல்மட்டத்தில் இருந்து 1868 மீற்றர் உயரம். பத்துத் தொன் நிறையுள்ள பஸ் ஒன்று ஆயிரம் மீற்றர் கீழிறங்கும்போது அதன் பிறேக்குகளே முழுச் சுமையையும் தாங்குமாயின், பிறக்கும் வெப்பம் 330 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வளவு சூட்டையும் சில்லுகளுக்குள் இருக்கும் சிறு இரும்புகள் தாங்கமாட்டா. லைனர் பிடியிழக்கும், திரவம் கொதிக்கும். 2023 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயாவை அடுத்த ரதெல்ல இறக்கத்திற் கொழும்பு மாணவரை ஏற்றி வந்த பஸ் மோதியதில், எதிரே வானிலும் ஓட்டோவிலும் வந்த 7 பேர் மாண்டனர். 2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியிற் சுற்றுலாப் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 உயிர்கள் போயின. இரண்டின் பின்னரும் பிறேக்கைப் பற்றியே பேச்செழுந்தது.

இறக்கத்தில் இயந்திரமே வண்டியைப் பிடித்திருக்க வேண்டும். ஏறுவதற்கு எந்தக் கியரோ இறங்குவதற்கும் அதுவே என்பது மலைநாட்டுச் சாரதிகளின் வழக்கு. பெற்றோலை மிச்சம் பிடிக்கக் கியரை விடுவித்து உருளவிடுவது தற்கொலைக்கு ஒப்பானது. இயந்திரத்தை அணைத்தால் மிதிக்கு உதவும் வெற்றிடமும் சற்று நேரத்திற் போய்விடும்.

இவற்றையெல்லாம் பட்டறிந்த பின்னர்தான் எமது கல்லூரி உயர்தர வகுப்பு மாணவரின் மலைநாட்டுச் சுற்றுலாவுக்கு நாம் பொறுப்பாக நேர்ந்தது. சிறிய பஸ் ஒன்று பேசியிருந்தார்கள். புறப்படுவதற்கு முதல்நாள் உரிமையாளரிடம் சில்லுகளைக் கழற்றிக் காட்டும்படி கேட்டோம். "போன மாசந்தான் பாத்தது, சேர்" என்று முகம் சுளித்தார். பார்த்தவரும் அவரே, பார்த்ததாகச் சொல்பவரும் அவரே. முப்பத்திரண்டு பெற்றோரின் பெயர்ப் பட்டியல் எம் சட்டைப் பையில் இருந்தது. கழற்றினாலன்றி ஏறுவதில்லை என்றோம். மூன்று சில்லுகளில் ஒரு குறையுமில்லை. அவர் எம்மைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டோம். நான்காவது, பின் வலச் சில்லு. உள்ளிருந்த சிலிண்டர் கசிந்து லைனர் முழுவதும் பிறேக் ஒயிலில் ஊறியிருந்தது. அவர் ஒன்றும் பேசாது தம் தொலைபேசியை எடுத்துக் கொழும்புக் கடையொன்றுக்குப் பேசினார்.

பாகம் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. நுவரெலியாவில் அறைக்குக் கட்டிய முற்பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கவில்லை. மாணவரிற் பாதிப்பேர் எம்மோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. திரும்பி வரும் வழியில், இறம்பொடை இறக்கத்தில் ஆஞ்சநேயர் கோவிலருகே பஸ் நின்றது. பிள்ளைகள் படமெடுக்க ஓடினார்கள். சாரதியாக வந்த உரிமையாளர் இறங்கி, ஒவ்வொரு சில்லின் அருகிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வந்தார். பின் வலச் சில்லண்டை மாத்திரம் சற்று அதிக நேரம் குந்தியிருந்தார்.